எழுபத்து நாலு கிலோ ஓட்டுநர்

கண்ணாடிக்கடைக்காரர் பயப்படுவது இரண்டு பேருக்கு. ஒன்று மனைவி, இன்னொன்று எடை மெஷின். இந்த இரண்டு பேரும் சேர்ந்து அவரை விசாரிக்கிற நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. இடம், குளியலறை வாசல்.

அவர் மெஷின் மேல் ஏறி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூச்சைப் பிடித்தால் எடை குறையாது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் பிடிப்பார். மனைவி குனிந்து முள்ளைப் பார்ப்பாள். "எழுபத்தஞ்சு! போன வாரத்துக்கு இப்ப முக்கால் கிலோ கம்மி!" என்று கூவிக்கொண்டே போய்க் காலண்டரில் எழுதுவாள். அவர் அடக்கமாகச் சிரித்துவிட்டு இறங்குவார். அந்த அடக்கத்துக்குக் காரணம் உண்டு. அவருடைய எடை தொண்ணூற்று மூன்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் பதினெட்டுக் கிலோவை மறைத்தவர். மெஷினுக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் சரிப்படுத்துவதற்காக வைத்தது. மனைவி காபி போடுகிற நேரத்தில் அதைக் கொஞ்சம் பின்னால் திருகி வைப்பார். எடை பார்த்து முடிந்ததும் பழையபடி திருப்பிவிடுவார். முதல் வாரம் அரைக் கிலோவுக்கு மட்டும்தான் திருகினார், பாவம். மூக்குக்கண்ணாடித் தொழில் புத்தி அது. கடைக்கு வருகிறவருக்கு எழுத்துத் தெரியவில்லையென்றால் கண்ணையா மாற்றுகிறார்? லென்ஸைத்தானே மாற்றுகிறார்!

சட்டை விஷயத்திலும் அந்தப் புத்தி வேலை செய்தது. இரண்டு அளவு பெரிய சட்டைகள் வாங்கினார், எல்லாம் மேலிருந்து கீழாகக் கோடு போட்டவை. "பாரேன், எப்படித் தொளதொளன்னு ஆயிடுச்சு" என்று இழுத்துக் காட்டினார். அவள் இழுத்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். பொய் சொல்கிறவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்கிறவர் நம்ப ஆசைப்பட்டால் போதும்.

இத்தனை திருட்டுத்தனமும் ஒரு காருக்காக. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையை ஒட்டி ஓடுகிற, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அதில் ஏறுவதை ஏறுவது என்று சொல்லக் கூடாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே வருவதற்கு ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். அதை அவர் குழந்தை மாதிரி துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

ஆறு மாதத்துக்கு முன்னால், கடை மாடிக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "இப்போதைக்கு ஒண்ணுமில்ல. உடம்பைக் குறைக்கலைன்னா அப்புறம் நிறைய இருக்கு" என்றார். மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவள். பதினாறு வருடமாக, பன்னிரண்டு மீட்டர் நீளப் பஸ்ஸை, சந்து பொந்தெல்லாம் கொண்டுபோய்க் கீறல் படாமல் கொண்டுவருகிறவள். எதற்கும் பதறாதவள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். அவருக்கு நெஞ்சு வலித்தது அப்போதுதான்.

"நீ என்ன சொன்னாலும் கேக்கறேன், அழாதே" என்றார்.

அழுகையை நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு அவள் சொன்னாள்: "நான் எழுபத்தி நாலு கிலோ. நீங்க என்னைவிட ஒரு கிலோ கூட இருக்கக் கூடாது. போட்டி அன்னிக்குக் காலையில மெஷின் எழுபத்தி நாலு காட்டணும். காட்டலைன்னா கார் சாவி எங்கிட்ட வந்துடணும். அப்புறம் அதை நான்தான் ஓட்டுவேன்."

போட்டி என்பது ஊர்க் கார்ப் பிரியர்கள் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை நடத்துவது. காலி மைதானத்தில் கூம்பு கூம்பாக நட்டு, அவற்றுக்கு நடுவில் வளைந்து நெளிந்து ஓட்ட வேண்டும். கூம்பு விழுந்தால் இரண்டு வினாடி தண்டனை. பதினொரு வருடமாகப் போகிறார், ஏழாவது இடத்துக்கு மேல் ஏறியதில்லை. அதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். சாவியை மனைவியிடம் கொடுப்பதை மட்டும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் கேட்டது ஒரே ஒரு தடவை. "பஸ் ஓட்டின கை முரடும்மா, இது பூ மாதிரி வண்டி" என்று சொல்லிவிட்டார். அவள் அப்புறம் கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பதற்கும் மறந்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் புருஷன்மார்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

ஏழாவது இடத்துக்குக் காரணம் முன்சக்கரம் என்பது அவருடைய கட்சி. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற இரும்புக் கைக்கு கண்ட்ரோல் ஆர்ம் என்று பெயர். கம்பெனியிலிருந்து வருவது ஒரே நீளம், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. வேகமாகத் திருப்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாய, டயர் அதன் ஓரத்திலேயே தேய்ந்துகொண்டு வழுக்கும். அட்ஜஸ்டபிள் ஆர்ம் என்று ஒன்று இருக்கிறது. நடுவில் மரை போட்டது. திருகினால் நீளும், எதிர்ப்பக்கம் திருகினால் குறுகும். கீழே இருக்கிற அந்தக் கை நீண்டால் சக்கரத்தின் மேல் விளிம்பு கொஞ்சம் உள்ளே சாய்ந்துகொள்ளும். வழுக்குகிற தரையில் நாம் காலை அகட்டி ஊன்றிக்கொள்வதில்லையா, அப்படி. திருகினால் சரியாகிவிடும் என்று கேட்டதுமே அவருக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

மாட்டித் தருவதற்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. மனைவியின் தங்கையே வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தாள். எட்டு வயதில் தையல் மெஷினைப் பிரித்துப் போட்டவள் என்பதால் குடும்பத்தில் அவளுக்கு ஸ்பானர் என்று பெயர். கடை ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கு அட்ஜஸ்டபிள் ஆர்ம் மாட்டுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கடைச் சுவரில் அவளே பெயிண்டில் எழுதி வைத்திருந்தாள்: "ஓட்டுகிறவர் உட்காராமல் அளவு எடுக்கப்படாது."

திங்கட்கிழமை ஆர்ம் இரண்டையும் மாட்டி முடித்தாள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தட்டையான தராசுகள் வைத்தாள். பெட்ரோல் அரை டேங்க். எல்லாம் தயார்.

"மாமா, செருப்போட அப்படியே ஏறி உட்காருங்க."

தராசுகளிலிருந்து நான்கு வயர்கள் போய் ஒரு பெட்டியில் சேர்ந்தன. பெட்டியில் எண்கள் பெரிது பெரிதாக, சிவப்பாக எரிந்தன. அதற்குப் பின்னால் திருகு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றார்.

"எதுக்கும்மா நான் உட்காரணும்?"

"சின்ன வண்டி, லேசான வண்டி. நீங்க உட்கார்ந்தா உங்க பக்கம் அமுங்கும். அமுங்கினா சக்கரத்தோட சாய்வு மாறும். யாரு ஓட்டறாங்களோ அவங்க கனத்தை வச்சுத்தான் அளவு பிடிக்கணும்."

"கடையில ஆள் காத்திருக்காங்க. என் எடைதான் உனக்கே தெரியுமே, உங்க அக்கா வாராவாரம் போன் பண்ணிச் சொல்றாளே. போட்டி அன்னிக்கு எழுபத்தி நாலு. அதுக்கே வச்சுடு."

அவள் சுவரில் எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்தாள், மாமாவை ஒருமுறை பார்த்தாள். தராசு பொய் சொல்லாது, மாமாவும் சொல்ல மாட்டார் என்று நினைத்திருப்பாள். தண்ணீர்க் கேன்களை எடுத்து நிறுத்து நிறுத்து நிரப்பினாள். சீட்டில் மூன்று, கால் வைக்கிற இடத்தில் ஒன்று, கேனின் கனமும் சேர்த்துச் சரியாக எழுபத்து நாலு கிலோ. பெல்ட்டையும் போட்டுவிட்டு, மேல் கேனுக்கு மாமாவின் தொப்பியை மாட்டினாள். "இவர் கேன் மாமா. எதுத்துப் பேச மாட்டார்" என்றாள். சாயங்காலத்துக்குள் ஆர்மை மயிரிழை மயிரிழையாகத் திருகி, இரண்டு சக்கரமும் ஒரே சாய்வில் நிற்கும்படி அளவு பிடித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நிஜ மாமா ஓட்டிப் பார்த்தார். திருப்பங்களில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போனது, கூச்சலே போட்டுவிட்டார். நேர்ச் சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டதும் வலப்பக்கம் இழுத்தது.

"இழுக்குதா?" ஸ்பானரின் முகம் மாறியது. மறுபடி கேன் மாமாவை உட்காரவைத்து அளந்தாள். அளவு சுத்தம். டயர்களை இடம் வலம் மாற்றினாள். புதன்கிழமையும் இழுத்தது. போல்ட்டெல்லாம் கழற்றி, ஆர்மை மேஜையில் வைத்து அதன் மூட்டில் இருக்கிற ரப்பர் புஷ் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமையும் இழுத்தது. கடைசியில் அவளே ஏறி ஓட்டிவிட்டு வந்தாள். அவள் ஐம்பத்திரண்டு கிலோ.

"எனக்கு இடப்பக்கம் இழுக்குது. அது நியாயம், நான் கேனைவிடக் கனம் கம்மி. உங்களுக்கு ஏன் மாமா வலது? உங்க கனத்துக்குத்தானே வச்சிருக்கு?"

"ரோடு சரிவா இருக்கும்மா" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ரோட்டையே கோணலாக்கினார். அவள் அதையும் நம்பி, ஒரு ரசமட்டத்தை எடுத்துக்கொண்டுபோய் வெயிலில் ரோட்டின்மேல் முட்டிபோட்டு, மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். ரோடு மட்டமாகத்தான் இருந்தது. லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். கடை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த நம் ஆளுக்குக் காது சுட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சாவி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் போனபோது ஸ்பானர் கவிழ்த்துப் போட்ட டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் சாப்பாடு திறக்காமல் இருந்தது. ஐந்து நாளில் கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்திருந்தது.

"மாமா, எனக்கு இந்த வேலை வரலை. தெரியாத வேலையில கை வச்சிட்டேன். நாளைக்கு மைதானத்துக்குப் பழைய ஆர்மை எடுத்துட்டு வரேன். பிராக்டீஸ்ல இழுத்தா அங்கேயே மாத்திடறேன். சங்கத்துக்காரங்க கேட்டா என் தப்புன்னு சொல்லிடறேன்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றார். வீட்டுக்குப் போய் அரைச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார். ஆறு மாதத்தில் அவர் உண்மையாகக் கம்மியாகச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். "நாளைக்கு எடைன்னு பயப்படறீங்களா? பயப்படாதீங்க, வந்துடும்" என்று மனைவி தட்டை எடுத்தாள்.

வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு முள் எழுபத்து நாலில் நின்றது. அவள் கத்தவில்லை, கூவவில்லை. எழுந்து, ஈரத் தலையோடு நின்றவரைக் கட்டிக்கொண்டாள். "இனிமே எனக்கு மாடிப்படியைப் பாத்தா பயமில்ல" என்றாள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். சாவிக்கொத்து வளையம், சிவப்புத் தோல். கார்ச் சாவியை அதில் கோத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அந்த வளையம் பத்துக் கிராம் இருக்கும். அவருக்குத் தூக்க முடியவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தன்னுடையது ஆறு மாதம் ஓடியதை நினைத்து அவருக்குப் பெருமை வரவில்லை.

மைதானத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். சங்கத்தின் பொறுப்பாளர் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக அலைந்தார். எல்லாரும் அவரை விசில்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். புது ஆர்மைப் பற்றிக் கேள்விப்பட்டு ஏழெட்டுப் பேர் சிவப்புக் காரைச் சுற்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பானர் தன் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, பழைய ஆர்ம் இரண்டையும் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். மனைவி பஸ் டிப்போ சீருடையிலேயே வந்திருந்தாள், மத்தியானம் டியூட்டி.

பிராக்டீஸ் ஓட்டம். நம் ஆள் கிளம்பினார். முதல் இரண்டு திருப்பம் அருமை. மூன்றாவதில் வலப்பக்கக் கூம்பு விழுந்தது. நான்காவது, ஐந்தாவது, எல்லாம் வலப்பக்கம். மொத்தம் ஆறு கூம்பு.

"என்னப்பா, ஆர்ம் போட்டதுக்குப் போடாமலே இருந்திருக்கலாம் போல" என்றார் ஒருவர்.

"ஆர்ம் நல்ல ஆர்ம்தான். மாட்டினது யாரு?" என்றார் இன்னொருவர்.

ஸ்பானர் முன்னால் வந்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "மாட்டினது நான்தாங்க. ஆர்ம்ல தப்பில்ல, என் அளவுலதான் எங்கேயோ தப்பு. அரை மணி நேரம் குடுத்தீங்கன்னா பழசை மாட்டிக் குடுத்துடறேன்." சொல்லிவிட்டுத் துணியைப் பிரிக்கக் குனிந்தாள்.

கண்ணாடிக்கடைக்காரர் இன்னும் காருக்குள்தான் இருந்தார். அதிலிருந்து அவசரமாக வெளியே வருவது அவரால் ஆகாத காரியம். கதவைப் பிடித்து, ஒரு காலை வெளியே போட்டு, முக்கி முனகி எழுந்தார். எழுந்த வேகத்தில் கத்தினார்:

"தொண்ணூத்தி மூணு!"

விசில்காரர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். "இல்லீங்க, அறுபத்தெட்டு வினாடிதான். கூம்போட சேத்து எண்பது."

"வினாடி இல்லைய்யா, கிலோ! நான் தொண்ணூத்தி மூணு கிலோ! எழுபத்தி நாலுன்னு இந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொல்லி அளவு வைக்கச் சொன்னேன். அவ அளவு சுத்தம். எம்மேலதான் தப்பு. வீட்டு மெஷினைத் திருகினதும் நான்தான்!"

கடைசி வாக்கியத்தை மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அது ஒரே ஒருத்திக்காகச் சொன்னது, அவளுக்குக் கேட்டது. நாற்பது பேரில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஸ்பானர் குனிந்தபடியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, "ரோட்டுல முட்டிபோட்டேனே மாமா!" என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தவருக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது.

மனைவி தங்கையிடம் கேட்டாள்.

"ஏண்டி, இந்த வண்டி இப்ப யாரு கனத்துக்கு நிக்குது?"

"எழுபத்தி நாலு கிலோவுக்குக்கா."

"நான் எழுபத்தி நாலு."

கையை நீட்டினாள். அவர் சாவியை, அந்தச் சிவப்பு வளையத்தோடு, உள்ளங்கையில் வைத்தார்.

விசில்காரர் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். அவள் கனரக வாகன லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். மூன்று கண்ணாடியையும் சரிசெய்தாள். பின்னால் பயணிகள் இல்லை என்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள், பழக்கதோஷம். கிளம்பும்போது இண்டிகேட்டர் போட்டாள். அதற்குச் சிரித்தவர்கள் முதல் திருப்பத்தில் நிறுத்தினார்கள். வண்டி கூம்புகளை உரசுகிற மாதிரி போனது, உரசவில்லை. ஒவ்வொரு கூம்புக்கும் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று விடாமல் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டு மீட்டரைச் சந்தில் திருப்புகிறவளுக்கு நாலு மீட்டர் எம்மாத்திரம்! கடைசி நேர்ப்பாதையில் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் தூக்கி, தங்கை இருந்த பக்கம் பார்த்துக் காட்டினாள். கார் நூல் பிடித்த மாதிரி நேராக வந்து நின்றது. ஸ்பானர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு கூம்பும் விழவில்லை. நாலாவது இடம். பதினொரு வருடத்தில் அந்த வண்டி எட்டிப்பார்க்காத இடம். பரிசு கொடுத்து முடிப்பதற்குள் ஸ்பானரிடம் ஆறு பேர் ஆர்ம் மாட்ட நாள் கேட்டு நின்றார்கள். ஆறு பேரிடமும் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள், "நேர்ல வந்து உட்காருவீங்கல்ல?"

கூட்டம் கலைகிற நேரத்தில் நம் ஆள் மெல்ல அவளிடம் போனார். "ஏம்மா, அந்த மரையை ரெண்டு சுத்துச் சுத்தினா தொண்ணூத்தி மூணுக்கு வச்சிடலாம், இல்ல?"

"வைக்கலாம் மாமா. அரை மணி நேர வேலை."

"அப்ப..."

"வைக்க மாட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை எடை எங்க கடையிலதான். காரோட ஏத்தி, காரைக் கழிச்சுக்கலாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். அந்தச் சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. மூன்றாவது சிக்னலில் சிவப்பு விழுந்ததும் அவள் சொன்னாள்.

"ஆறு மாசமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சந்தோஷமா இருந்தேன். டிப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தச் சந்தோஷத்தையெல்லாம் இப்ப எங்க போய்த் திருப்பிக் குடுக்கறது?"

"நீ ஆஸ்பத்திரி வாசல்ல அழுதே. மறுபடி அழக் கூடாதுன்னுதான்..."

"நீங்க மாடிப்படியில விழுந்து கிடந்தா அப்ப சிரிப்பேனா?"

பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் புருவத்தைச் சுருக்கினாள், ஸ்டீயரிங்கை லேசாக விட்டாள், பிடித்தாள், மறுபடி விட்டாள்.

"இழுக்குது" என்றாள்.

"என்ன இழுக்குது?"

"வண்டி. உங்க பக்கம் இழுக்குது."

அவர் சீட்டிலேயே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். அந்தச் சீட்டில் நகர இடம் ஏது! அவள் இண்டிகேட்டர் போட்டு, ஒரு பஸ் ஸ்டாப்பில் ஓரமாக நிறுத்தினாள்.

"இறங்குங்க."

"வீடு இன்னும் மூணு கிலோமீட்டர்ம்மா!"

"தெரியும். என் ரூட்டுதான் இது. ஏழு ஸ்டாப்பு."

அவர் முக்கி முனகி இறங்கினார். கார் போய்விட்டது. கோடு போட்ட தொளதொளச் சட்டை காற்றில் படபடக்க அவர் நடந்தார். அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் நினைத்தார். வளைவைத் தாண்டிப் பார்த்தால் அடுத்த ஸ்டாப்பில் சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது, இண்டிகேட்டர் சிமிட்டிக்கொண்டு. மூச்சு வாங்க வாங்கப் பக்கத்தில் போய்க் கதவில் கை வைத்தார். கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது. அவர் குடித்துத் திருப்பிக் கொடுத்ததும் கண்ணாடி ஏறியது, கார் அடுத்த ஸ்டாப்புக்குக் கிளம்பியது.

ஆறாவது ஸ்டாப்பில், டியூட்டிக்கு நேரமாகிறதே என்று அவரே கேட்டார்.

"லீவு சொல்லிட்டேன்" என்றாள். "நடங்க. இன்னும் ஒண்ணுதான்."